இலைக்கு நம் கண் கிடையாது

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'செடிக்குப் பச்சை வெளிச்சம் தேவையில்லை என்பது முக்கால் பொய்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இனிமேல் போகிறபோக்கில் எதையும் எழுதக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். சண்டைக்கு வந்தவர்கள் பாதி, சந்தேகம் கேட்டவர்கள் பாதி. சரி, இந்த மாதம் பூச்சி, உரம், தொட்டி மண் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெளிச்சம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விளக்கொளியில் செடி வளர்க்கும் ஆய்வறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அறையில் பகல் முழுக்க நல்ல வெளிச்சம். விளக்குப் போடாமலே புத்தகம் படிக்கலாம். ஆனாலும் அங்கே வைத்த தக்காளி நாற்றுகள் வெளிறிப்போய், நூல் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கின்றன. ஏன்?

பதில்: நீங்கள் படிக்கலாம், நாற்று படிக்கப்போவதில்லையே!

வெளிச்சத்தை எடைபோடுவதில் நம் கண்ணைப்போல ஏமாற்றுக்காரன் வேறு யாரும் இல்லை. இருட்டினால் கண்பாவையை அகலமாகத் திறந்துகொள்ளும், வெயில் என்றால் சுருக்கிக்கொள்ளும். விழித்திரையும் தன் பங்குக்குச் சரிசெய்துகொள்ளும். கடைசியில் 'எல்லா இடமும் நன்றாகத் தெரிகிறது' என்று நமக்குச் சொல்லிவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரிடம் இந்தச் சமாளிப்பு எதுவும் கிடையாது. உச்சி வெயிலில் அது 1,00,000 லக்ஸ் காட்டும். நீங்கள் சுகமாகப் புத்தகம் படிக்கும் அறையில் 300 முதல் 500 வரை காட்டும். உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் 'கொஞ்சம் மங்கல்'. உண்மையில் அது 200 மடங்குக்கும் மேல்.

செடியின் கணக்கு இன்னும் நேரடியானது. அது வெளிச்சத்தைத் துகள் துகளாக, அதாவது ஃபோட்டான்களாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை நாங்கள் மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வோம்; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு 2000 மைக்ரோமோல் அளவுக்கு விழும். உங்கள் அறையில் 5 அல்லது 10 விழும். இலையும் சுவாசிக்கிறது, அதற்கும் செலவு உண்டு. வெயிலில் வளரும் செடிகளின் இலைக்கு வரவும் செலவும் சமமாகவே 10 முதல் 20 மைக்ரோமோல் வேண்டும். அதற்குக் கீழே போனால் நாள் முழுவதும் நஷ்டம்தான். உங்கள் நாற்று இத்தனை நாள் தள்ளியது விதையில் இருந்த சேமிப்பில். அது தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டிப்பிடித்துவிடலாம் என்று இருந்ததையெல்லாம் தண்டில் போட்டு நீட்டிவிட்டது. நிழல் காட்டுச் செடிகளுக்கு 1 முதல் 5 மைக்ரோமோலிலேயே கணக்கு நேராகிவிடும். வரவேற்பறை மூலையில் வருடக்கணக்காகச் சாகாமல் இருக்கும் அழகுச்செடிகளின் ரகசியம் அதுதான்.

நாளின் மொத்தத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெயில் நாளில் வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 40 மோலும் அதற்கு மேலும் சேரும். லெட்யூஸ் போன்ற இலைப்பயிர்களுக்கு 12 முதல் 17 மோல், தக்காளி காய்க்க 20க்கு மேல். உங்கள் அறையில் 12 மணி நேரத்துக்கு அரை மோல்கூடத் தேறாது.

நாற்றுத் தட்டை ஜன்னல் விளிம்புக்கே கொண்டுபோங்கள். 'ஜன்னல் பக்கம்' என்று சொல்லி இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. என் வீட்டு ஜன்னல் விளிம்பில் 10,000 லக்ஸ் காட்டிய மீட்டர், இரண்டே மீட்டர் உள்ளே வந்ததும் 600க்கு இறங்கியது.

கேள்வி: பச்சை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது என்று பள்ளியில் படித்தோம். திருப்பி அனுப்புவதை எப்படிப் பயன்படுத்த முடியும்? நீங்கள் எழுதியது பாடப்புத்தகத்துக்கே முரணாக இருக்கிறதே!

பதில்: அந்தப் பாடத்தை நானும் படித்தேன். அதைவிட, பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். இலையை அசிட்டோனில் அரைத்து, வடிகட்டி, அந்தப் பச்சைச் சாற்றை நிறமாலைமானியில் வைத்து, எந்த நிறத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று வரைபடம் எடுத்தோம். நீலத்தில் ஒரு மலை, சிவப்பில் ஒரு மலை, நடுவில் பச்சை வர வேண்டிய இடத்தில் பெரிய பள்ளத்தாக்கு. 'ஆகவே பச்சை ஒளியால் பயனில்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். பல வருடம் கழித்துத்தான் உறைத்தது: நான் அளந்தது இலையை அரைத்த சாற்றை, இலையை அல்ல.

இந்த நம்பிக்கைக்கு ஒரு கௌரவமான முன்னோரும் உண்டு. 1882ல் ஜெர்மானியரான எங்கெல்மான் ஓர் அழகான சோதனை செய்தார். நுண்ணோக்கியின் கீழ் ஒரு பாசி இழையை வைத்து, பட்டகத்தால் பிரித்த வானவில் நிறங்களை அதன் நீளவாக்கில் விழச்செய்தார். கூடவே ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன. பச்சையில் அதிகம் கூடவில்லை. எந்த நிறத்தில் ஆக்சிஜன் வருகிறது என்று பாக்டீரியாவை வைத்தே வரைபடம் போட்ட மூளைக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். ஆனால் பாசி இழை மிக மெல்லியது. அதில் ஒரு ஃபோட்டான் தப்பினால் தப்பியதுதான். இலை அப்படியில்லை. அதற்குள் அடுக்கடுக்காகச் செல்கள், நடுவே காற்று இடைவெளிகள். நுழைந்த பச்சை ஃபோட்டான் அங்கே மோதி இங்கே மோதி, திரும்பத் திரும்பப் பச்சையத்தைக் கடந்துபோகிறது. ஒரு தடவை தப்பலாம், பத்துத் தடவை தப்ப முடியுமா? சாதாரண இலை ஒன்று, தன்மேல் விழும் பச்சை ஒளியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. நம் கண்ணுக்கு வருவது மிச்சம் மீதிதான். பிறகு ஏன் அவ்வளவு பச்சையாகத் தெரிகிறது? சிவப்பும் நீலமும் அதைவிடக் குறைவாகத் திரும்பி வருவதாலும், நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக்கு மற்ற எல்லா நிறத்தையும்விட அதிகமாக மயங்குவதாலும். இங்கேயும் கண்தான் குற்றவாளி.

1972ல் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை, சாறாக்காமல் இலையாகவே வைத்து, ஒவ்வொரு அலைநீளத்திலும் ஒளிச்சேர்க்கையை அளந்தார். சிவப்புதான் முதலிடம். ஆனால் பச்சை பூஜ்யத்தின் பக்கத்தில்கூட இல்லை. நீலத்துக்கும் அதற்கும் நடுவே அப்படியொன்றும் பெரிய இடைவெளி கிடையாது. நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சையம் அல்லாத நிறமிகள் பிடித்துக்கொள்கின்றன. அவை பிடித்ததை எல்லாம் ஒளிச்சேர்க்கைக்கு ஒப்படைப்பதில்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள எல்லா ஃபோட்டானையும் ஒரே மதிப்பில் எண்ணும் இன்றைய வழக்கத்துக்கு அந்த அளவீடுகள்தான் அடிப்படை.

அப்புறம் 2009ல் டெராஷிமாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. சூரியகாந்தி இலைமேல் ஏற்கெனவே பலமான வெள்ளை ஒளி விழுந்துகொண்டிருக்கும்போது, கூடுதலாகக் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்தால் கிடைக்கும் பலனைவிடக் கொஞ்சம் பச்சையைச் சேர்த்தால் கிடைக்கும் பலன் அதிகம். காரணம் எளிது. சிவப்பையும் நீலத்தையும் இலையின் மேல் அடுக்கே விழுங்கிவிடும். பலத்த வெயிலில் அந்த அடுக்குக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கும். மேலும் ஊட்டினால் வெப்பமாகக் கொட்டிவிடும். பச்சைதான் அடி அடுக்குவரை இறங்கிப்போய், அங்கே பசியோடு இருக்கும் செல்களைச் சேருகிறது.

'முக்கால் பொய்' என்று நான் எழுதியதன் கணக்கு இதுதான். மிச்சக் கால் பங்கு உண்மை பாசி இழைக்கும் என் அசிட்டோன் சாற்றுக்கும்.

கேள்வி: 'செடி வளர்ப்பு விளக்கு' என்று ஊதா நிறத்தில் எரியும் எல்.இ.டி. பலகைகளை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நான் வாங்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஊதா விளக்கு என்பது சிவப்பு, நீலம் என்ற இரண்டு வகை எல்.இ.டி.களின் கலவை. அது பிறந்தது விண்வெளி ஆராய்ச்சியோடு ஒட்டிய வேலையில். 1990களின் தொடக்கத்தில் கையில் நன்றாக எரிந்தது சிவப்பு எல்.இ.டி. மட்டும். அதை வைத்து லெட்யூஸ் வளர்த்தவர்கள் நீலத்துக்குக் குழல் விளக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல நீல எல்.இ.டி. அப்புறம் வந்தது, அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014ல் நோபல் பரிசு வாங்கியதும் தெரிந்த கதை. சிவப்பில் ஒரு லாபம் உண்மையாகவே உண்டு. 660 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டான் ஆற்றல் குறைந்தது. ஒரு ஜூல் மின்சாரம் சிந்தாமல் சிதறாமல் ஒளியானால் 5.5 மைக்ரோமோல் சிவப்பு கிடைக்கும். 450 நானோமீட்டர் நீலமானால் 3.8க்குள் முடிந்துவிடும். செடிக்கு இரண்டும் ஒரு ஃபோட்டான்தான். மின்கட்டணம் பார்க்கிறவர் சிவப்பை விரும்புவதில் தப்பில்லை.

ஆனால் சிவப்பை மட்டும் கொடுத்தால் செடி கோணல்மாணலாகும். 2010ல் வெள்ளரி இலைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், சிவப்பு மட்டும் கொடுத்தபோது ஒளிச்சேர்க்கை இயந்திரமே சரியாக ஓடவில்லை. 7 சதவீதம் நீலம் சேர்த்ததும் அந்தக் கோளாறு மறைந்தது. நீலத்தை 50 சதவீதம் வரை கூட்டக் கூட்ட இலையின் ஒளிச்சேர்க்கைத் திறனும் கூடியது. நீலத்தை அடையாளம் காண கிரிப்டோகுரோம், போட்டோட்ரோபின் என்று தனிப் புரதங்களையே செடி வைத்திருக்கிறது. தண்டைக் குட்டையாக வைப்பது, இலைத்துளைகளைத் திறப்பது, வெளிச்சம் வரும் பக்கம் வளைவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அதற்காக நீலத்தை அள்ளிக் கொட்டினாலும் ஆகாது. இலை சிறுத்துப்போகும், அகலமாக ஒளி பிடிக்கும் பரப்பு குறையும், மொத்த வளர்ச்சியும் குறையும்.

நான் ஊதாவை வெறுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஒரு முறை ஊதா விளக்கின் கீழ் மூன்று வாரம் நாற்று வளர்த்தேன். தினமும் எட்டிப் பார்ப்பேன்; எல்லாம் கருநிறமாக, ஆரோக்கியமாகத்தான் தெரிந்தன. ஒருநாள் தட்டை வெளியே எடுத்தால் பாதி இலைகள் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவு தொடங்கி இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். ஊதா வெளிச்சத்தில் மஞ்சளும் தெரியாது, பூஞ்சைப் புள்ளியும் தெரியாது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2014ல் போன 'வெஜ்ஜி' என்ற செடி வளர்ப்புக் கருவியிலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்.இ.டி.யையும் வைத்தார்கள். செடி செடியாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015 ஆகஸ்டில் அதில் விளைந்த சிவப்பு லெட்யூஸை விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள். ஊதா வெளிச்சத்தில் அதைப் பார்த்திருந்தால் வாயில் வைத்திருப்பார்களா தெரியாது.

வெள்ளை எல்.இ.டி. வாங்குங்கள். அதுவும் உள்ளே நீல எல்.இ.டி.தான், மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அதில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. கூடவே கொஞ்சம் 660 சிவப்பு சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. அட்டைப்பெட்டியில் '1000 வாட்டுக்குச் சமம்' என்று போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டுக்குக் குறைந்தால் வேண்டாம், இரண்டரைக்கு மேல் என்றால் நல்ல சரக்கு. போடவே இல்லை என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது.

கேள்வி: செடியைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் சிவப்பு ஒளி கூடி வேகமாக வளருமா?

பதில்: கூடாது. தாள் எதையும் சேர்க்காது, மற்ற நிறங்களைப் பறிக்கத்தான் செய்யும். பிரித்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே தட்டில் நட்ட நாற்றுகளில் ஓரத்தில் இருப்பவை குட்டையாகவும் நடுவில் இருப்பவை உயரமாகவும் வளர்கின்றன. இன்னும் ஒன்றையொன்று மறைக்கவே இல்லை, மேலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம். உரம் சரியாகக் கலக்கவில்லையோ?

பதில்: இதே தட்டை என்னிடம் காட்டி, இதே சந்தேகத்தை ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். உரத்தின்மேல் பழி போடாதீர்கள். நடு நாற்றுகள் அக்கம்பக்கத்தை வேவு பார்த்துவிட்டன.

700 நானோமீட்டரைத் தாண்டியதும், நம் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத ஒரு சிவப்பு இருக்கிறது. தொலைச்சிவப்பு என்போம். இலை சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் திருப்பியோ ஊடுருவவோ விட்டுவிடும். திறந்த வெயிலில் சிவப்பும் தொலைச்சிவப்பும் ஏறக்குறைய சமம், சிவப்பு சற்றுத் தூக்கலாக 1.2 மடங்கு. அடர்ந்த இலைகளுக்குக் கீழே இதே விகிதம் 0.2க்கும் கீழே இறங்கிவிடும். பக்கத்துச் செடி இன்னும் நிழல் போடாவிட்டாலும் அதன்மேல் பட்டுத் தெறிக்கும் தொலைச்சிவப்பு நம் நாற்றின் தண்டுக்கு வந்து சேரும். 'போட்டிக்கு ஆள் வந்தாச்சு' என்று அது புரிந்துகொள்கிறது. உடனே கணுக்களுக்கு நடுவே நீட்டம், மெல்லிய தண்டு, குறைந்த கிளைகள். வெளிச்சத்தின் அளவு ஒரு சொட்டும் குறையவில்லை, அதன் நிறச் சேர்க்கை மட்டும் மாறியது. முதல் கேள்வியில் கேட்ட நாற்று பட்டினியில் நீண்டது. உங்கள் நாற்று எச்சரிக்கையில் நீண்டிருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், காரணம் வேறு.

இதைக் கவனிக்கும் நிறமி பைட்டோகுரோம். அதைப் பிடித்த கதை 1952ல், அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், லெட்யூஸ் விதைகளில் நடந்தது. நனைத்த விதைக்குச் சில நிமிடம் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தது. அதன்பின் தொலைச்சிவப்பு காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைத்தது. எத்தனை தடவை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் கடைசியில் விழுந்த நிறம் எதுவோ அதன்படிதான் விதை நடந்தது. ஒரு விளக்கு சுவிட்ச் மாதிரி! பொடி விதைகளை ஆழமாகப் புதைக்காதீர்கள் என்று நான் அடிக்கடி எழுதுவதற்கும் இதுதான் காரணம். சிவப்பு எட்டாத ஆழத்தில் லெட்யூஸ் போன்ற விதைகள் பல முளைக்காமலே காத்திருக்கும்.

எங்கள் பழைய வளர்ப்பு அறைகளில் குழல் விளக்குகளோடு சாதாரணக் குண்டு பல்புகளையும் சேர்த்து மாட்டுவோம். புதிதாக வந்தவர்கள் மின்சாரம் வீண் என்று சண்டை போடுவார்கள். குழல் விளக்கில் தொலைச்சிவப்பு மிகக் குறைவு. குண்டு பல்பில் ஏராளம். பல்புகளைக் கழற்றினால் செடிகள் குட்டையாக, இறுக்கமாக வளரும். சில வகைகள் பூப்பதற்கே தாமதிக்கும். வீட்டில் நாற்று விடுகிறவர்களுக்குக் குட்டையான நாற்றுதானே வேண்டும்? அப்படியானால் தொலைச்சிவப்பு இல்லாத விளக்கே நல்லது. தட்டில் இடைவெளியும் விடுங்கள்.

கேள்வி: இரண்டு நிற விளக்குகளைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் இரண்டின் கூட்டுத்தொகைதானே?

பதில்: எப்போதும் அல்ல. தொலைச்சிவப்பு தனியாக ஒளிச்சேர்க்கைக்கு மிகச் சுமார். ஆனால் கூடவே குறைந்த அலைநீள ஒளியும் இருந்தால் இரண்டும் சேர்ந்து, தனித்தனியாகக் கொடுத்த பலன்களின் கூட்டுத்தொகையைத் தாண்டும். 1957ல் எமர்சன் இதைக் காட்டினார். இலைக்குள் ஒளியைப் பிடித்து வேலை வாங்கும் இரண்டு ஒளியமைப்புகள் கைகோத்து வேலை செய்கின்றன என்ற முடிவுக்கு வழி திறந்ததும் அதுதான். ஒன்று பின்தங்கினால் மற்றது சும்மா நிற்கும். பின்தங்கியதற்கு ஏற்ற நிறம் வந்தால் இரண்டும் ஓடும்.

கேள்வி: கல்லூரியில் 'ஒளிப் பயன்திறன்' பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். சூரிய ஒளியில் எத்தனை சதவீதத்தைச் செடி பயன்படுத்துகிறது? நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் வித்தியாசம் உண்டா?

பதில்: முதலில் எந்தப் பயன்திறன் என்று தெளிவாக எழுதுங்கள். ஓர் இலை ஒரு ஃபோட்டானுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு பிடிக்கிறது என்பது ஒன்று. வயல் முழுவதும் பிடித்த ஒளிக்கு எத்தனை கிராம் உலர் எடை தருகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிய கட்டுரைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

வயல் கணக்கைப் பிரபலமாக்கியவர் மான்டீத். 1977ல் அவர் காட்டியது: பயிர் பருவம் முழுவதும் பிடிக்கும் சூரிய ஆற்றலுக்கும் அது சேர்க்கும் எடைக்கும் ஏறக்குறைய நேர்கோட்டு உறவு. பிரிட்டனின் பயிர்களில் ஒரு மெகாஜூலுக்குச் சுமார் 1.4 கிராம். பயிருக்குப் பயிர், சூழலுக்குச் சூழல் இது மாறும். ஆனால் விளைச்சலுக்கு முதல் வழி இலைகளைச் சீக்கிரம் பரப்பி வெளிச்சத்தைத் தரையில் விழவிடாமல் பிடிப்பது என்பதை அந்தக் கோடு சொல்கிறது.

சதவீதக் கணக்குக்கு 2008ல் ஜூ, லாங், ஓர்ட் மூவரும் போட்ட பட்டியலைப் பாருங்கள். சூரிய ஆற்றல் 100 பங்கு என்று வையுங்கள். பாதிக்குச் சற்று மேல் 400 முதல் 700 என்ற எல்லைக்கு வெளியே, இலைக்கு உதவாத அலைநீளங்களில் போகிறது. திரும்பியும் ஊடுருவியும் போவது 5 பங்கு. நீல ஃபோட்டானின் கூடுதல் ஆற்றல் இலைக்குள் வெப்பமாவதும் அதை ஒட்டிய இழப்பும் 6, 7 பங்கு. சர்க்கரை தயாரிக்கும் வேதிவினைகளிலேயே சி3 வகை என்று சொல்லும் நெல், கோதுமை போன்ற பயிர்களில் 25 பங்கு போகிறது. பிடித்த கார்பனில் கொஞ்சத்தை இலை திரும்ப இழக்கும் ஒளிச்சுவாசத்தில் 6, சாதாரண சுவாசத்தில் 2. கடைசியில் கையில் நிற்பது 4.6 சதவீதம். சி4 வகையான மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்கள் ஒளிச்சுவாச நஷ்டத்தைத் தவிர்த்துவிடுவதால் 6 சதவீதம் வரை வரலாம். இவை உச்சவரம்பு. வயலில் பருவம் முழுவதற்கும் கண்ட மிகச் சிறந்த அளவுகளே சி3க்கு 2.4, சி4க்கு 3.7 சதவீதம்தான்.

வரம்புக்கும் வயலுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன்? உச்சி வெயிலில் மேல் இலைகளுக்கு ஒளி தேவைக்கு மேல் கிடைக்கிறது. சி3 இலை பலவற்றுக்கு முழு வெயிலின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள்ளேயே ஒளிச்சேர்க்கை உச்சத்தைத் தொட்டுவிடும். மிச்ச ஆற்றலை வைத்துக்கொண்டிருந்தால் இலையே கருகும் என்பதால் அதை வெப்பமாக வெளியே தள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. சிக்கல் என்னவென்றால், மேகமோ மேல் இலையோ மறைத்து வெளிச்சம் குறைந்த பிறகும் அந்த ஏற்பாடு சில நிமிடங்கள் திறந்தே கிடக்கும். மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் நடப்பவர் மாதிரி. 2016ல் புகையிலைச் செடியில் மரபணு மாற்றத்தால் இந்த மீட்சியை வேகப்படுத்தியபோது, வயலிலேயே 15 சதவீத அளவுக்கு எடை கூடியது. உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஃபோட்டானுக்கான பயன்திறன் மிக அதிகமாக இருப்பது மங்கலான வெளிச்சத்தில். 'ஆகவே மங்கலில் வளர்ப்பதே சிறந்தது' என்று முடித்துவிடாதீர்கள். பயன்திறன் கூடுவதும் வளர்ச்சி கூடுவதும் ஒன்றல்ல; கொஞ்சமாக வருவதை நன்றாகச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: லேசாக மேகம் மூடிய நாட்களில் என் மாடித்தோட்டம் சுட்டெரிக்கும் நாட்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதுபோலத் தெரிகிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை, ஆனால் பாதிக் காரணம் வெப்பமும் தண்ணீரும். மீதி வெளிச்சம். நேர் வெயில் ஒரே திசையில் வந்து மேல் இலைகளில் கொட்டும், கீழ் இலைகள் கும்மிருட்டில் நிற்கும். மெல்லிய மேகம் ஒளியைச் சிதறடித்து எல்லாத் திசையிலிருந்தும் அனுப்பும். கீழ் இலைகளுக்கும் பங்கு கிடைக்கும். 1991ல் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலை வெடித்து, வானில் பரவிய துகள்கள் உலகெங்கும் வெயிலைச் சிதறடித்தன. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1992ன் தெளிந்த நாட்களின் நண்பகல் ஒளிச்சேர்க்கை 23 சதவீதம் கூடியிருந்தது. கருமேகம் வேறு விஷயம். மொத்த ஒளியே சரிந்தால் சிதறலால் என்ன லாபம்?

கேள்வி: இரவிலும் விளக்கை எரியவிட்டால் இரட்டிப்பாக வளருமா?

பதில்: சில செடிகள் கொஞ்சம் கூடுதலாக வளரும். தக்காளிக்கு 24 மணி நேர ஒளி கொடுத்தால் இலை மஞ்சளாகிக் கெடும். செவ்வந்தி மாதிரி நீண்ட இரவு வேண்டிய செடிகள் பூக்கவே மறுக்கும். பகலின் நீளத்தைப் பார்த்துச் செடி பூக்கிறது என்று கார்னரும் ஆலார்டும் 1920ல் சொன்னார்கள். பிறகு பார்த்தால் அது எண்ணுவது இரவைத்தான். நடுராத்திரியில் சில நிமிடம் சிவப்பு ஒளி பட்டால் இரவுக் கணக்கு கலைந்துவிடும். இங்கேயும் பைட்டோகுரோம்தான். தெருவிளக்கை ஒட்டிய கிளைகள் இலையுதிர்காலத்தில் தாமதமாக இலை உதிர்ப்பதை 1936லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பகலில் 14, 16 மணி நேரம் கொடுங்கள், இரவை இரவாக விடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: இலை இருக்கும் உயரத்தில், திரை மேலே பார்க்கும்படி வைத்து அளந்தால் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிடப் போதும். வெயிலானால் லக்ஸை 54ஆல், வெள்ளை எல்.இ.டி. என்றால் 70 வாக்கில் வகுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமோல் தோராயமாக வரும். ஊதா விளக்கின் கீழ் மட்டும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணின் ருசிக்கு ஏற்பச் செய்தது. பச்சைக்கு அள்ளிக் கொடுக்கும், சிவப்பையும் நீலத்தையும் குறைத்துப் போடும். ஊதா விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்றால், மீட்டரைப் பையில் வைத்துவிட்டு வாரம் ஒரு தடவை தட்டை வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் இலையின் நிறத்தைப் பாருங்கள்.